கொஞ்சம் இறக்குங்க

சலவைக் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. சனிக்கிழமை மாலைகளில் அங்கே பெரியவர்களுக்கு இசை வகுப்பு நடந்தது. எல்லோரும் புதிதாகத் தொடங்கியவர்கள். கீழே இயந்திரங்கள் சுற்றும்போது தரை லேசாக அதிரும். சோப்பு வாசனை படியேறி வரும்.

பிளக் இருந்த சுவர் டீச்சருக்கு வலப்பக்கம். அதனால் சுருதிப் பெட்டி வலப்பக்க ஸ்டூலில், அவள் காதை ஒட்டி இருந்தது. கதவு இடப்பக்கம். நாற்காலிகளை அவளைச் சுற்றி அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள். அறை ஒடுக்கம் என்பதால் கதவோர நாற்காலி அவள் இடது தோளைத் தொடாத குறை. மாணவர்களில் ஒருவரான லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கிடைப்பது எப்போதும் அதுதான். வேலை முடித்துக் கடைசியாக வருவார். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி முன்னதாகவே வந்து நடுவில் உட்கார்ந்திருப்பாள்.

முதல் வகுப்பில் டீச்சர் பலகையில் மூன்று சொற்கள் எழுதினாள். சுருதி, ஸ்வரம், தாளம்.

"பயப்படாதீங்க. இந்த மூணுதான். மிச்சமெல்லாம் இதுக்குள்ளயே இருக்கு."

பெட்டியைப் போட்டாள். ஒரே ஒலி, ஏறாமல் இறங்காமல் அறையில் நின்றது.

"இது பாட்டு இல்ல. பாட்டு நிக்கிற தரை. இதுக்குப் பேரு சா. எங்க சுத்தினாலும் இங்கதான் திரும்பி வரணும். ஸ்வரம்ங்கறது இந்தத் தரையிலேர்ந்து ஏறுற படி. தாளம்ங்கறது நடை. படி ஒழுங்கா இருந்தாலும் நடை தப்பினா விழுந்துடுவீங்க."

மெக்கானிக் கையை உயர்த்தினார். "லிஃப்ட் தரைக்கு நேரா வந்து நிக்கிற மாதிரியா டீச்சர்? ஒரு விரல் மேல நின்னாலும் கால் தடுக்கும்."

"அதேதான்."

அந்த உதாரணம் டீச்சருக்குப் பிடித்துப்போயிற்று. மற்ற வகுப்புகளில் அதைத் தன்னுடையதாகவே சொன்னாள்.

பெட்டியின் ஒலியோடு ஒவ்வொருவராகச் சா பிடித்தார்கள். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த சட்டைக்கடைக்காரருக்கு முதல் தடவையே வந்துவிட்டது. மெக்கானிக்கின் முறை வந்தது. பெரிய குரல். மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். கூச்சமில்லாமல் எடுத்தார்.

"கொஞ்சம் மேல நிக்குது," என்றாள் டீச்சர். "இறக்குங்க."

இறக்கினார்.

"இன்னும் கொஞ்சம். ம். அங்கதான்."

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவருக்காகச் சங்கடப்படுகிறார்கள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

வாராவாரம் இதுவே நடந்தது. எடுப்பார். மேலே நிற்கிறது என்பாள். இறக்குவார். குரல் சிறுத்துக்கொண்டே வந்தது. பிறகு எடுப்பதற்கு முன்பே டீச்சரின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு மாலை எல்லோர் முன்னாலும் டீச்சர் சொன்னாள்.

"உங்களுக்குச் சுருதி பிடிபட மாட்டேங்குது. தாளம் மட்டும் போடுங்களேன். கை நல்லா வருது உங்களுக்கு."

"கல்யாணமானதுலேர்ந்து நானும் சொல்றேன் டீச்சர்," என்றாள் அவர் மனைவி. "நான் சொன்னா ஏறாது. நீங்க சொன்னாத்தான் ஏறுது."

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார். "சரி டீச்சர்," என்றார். காலுக்கிடையில் இருந்த கருவிப் பையின் ஜிப்பைத் திறந்தார். எதையும் எடுக்காமல் மூடினார்.

அன்றிலிருந்து தொடையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டு, விரல் எண்ணிக்கை, மறுபடி தட்டு. ஒருமுறைகூடப் பிசகவில்லை. டீச்சர் அடிக்கடி அவரைப் புகழ்ந்தாள். புகழும்போதெல்லாம் தனக்கு மனசு பெரிது என்று அவளுக்கே தோன்றியது.

ஏசி சொட்டத் தொடங்கிய சனிக்கிழமைதான் எல்லாம் மாறியது.

தண்ணீர் கதவோர நாற்காலியின் மேலேயே விழுந்தது. மெக்கானிக் அண்ணாந்து பார்த்தார். "பைப் அடைச்சிருக்கு," என்றார். கீழே போய் ஒரு வாளி வாங்கி வந்து வைத்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் வந்து சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் சேர்ந்து சா எடுத்தார்கள். வலப்பக்கமிருந்து ஒரு தாழ்ந்த குரல் கேட்டது. பெட்டியின் ஒலியோடு அது இழைந்து நின்றது. எங்கே பெட்டி முடிகிறது, எங்கே குரல் தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"யாரது?"

"நான்தான். மறந்து வாயத் தொறந்துட்டேன் டீச்சர்."

"இல்ல, தனியாப் பாடுங்க."

பாடினார்.

"சரியா நிக்குதே. வீட்ல சாதகம் பண்றீங்களா?"

"எங்க பண்றாரு டீச்சர்," என்றாள் மனைவி. "முன்னெல்லாம் இவரு பாத்திரம் கழுவினா மாடி வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்துவாங்க. இப்ப குழாய்ச் சத்தம் மட்டும்தான்."

வேடிக்கையாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது அவள் குரலில் வேடிக்கை இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

போன் பேச வெளியே போயிருந்த சட்டைக்கடைக்காரர் திரும்பி வந்தார். வாளியை ஒட்டிக் கதவோரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவர் முறை. எடுத்தார்.

"கொஞ்சம் மேல நிக்குது," என்றாள் டீச்சர். "இறக்குங்க."

சட்டைக்கடைக்காரர் ஒரு கணம் விழித்தார். பிறகு பணிவாக இறக்கினார்.

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மெக்கானிக்கும் பார்த்தார். தொடையில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது.

டீச்சர் அந்த முகங்களைப் பார்த்தாள். முதல் தடவையே சா பிடித்தவர் சட்டைக்கடைக்காரர்; அவருக்காக யாரும் சங்கடப்படத் தேவையில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். இடது காதைப் பொத்தி வலது காதால் கேட்டாள். வலது காதைப் பொத்தி இடது காதால் கேட்டாள். ஒரே பெட்டி. வலது காதில் ஒரு சா. இடது காதில் அதற்குச் சற்று மேலே வேறொரு சா. மறுபடி கேட்டாள். கீழே இயந்திரங்கள் நின்றன. சலவைக் கடைக்காரர் ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

காது டாக்டர் இளைஞர். அவளை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, என்னென்னவோ ஒலிகளைக் கேட்கச் சொன்னார்.

"போன வருஷம் பெரிய காய்ச்சல் ஏதாவது?"

"வந்துச்சு."

"அதுல இடது காது உள்ள அடி வாங்கியிருக்கு. சத்தத்தோட சுருதியை இருக்கறதுக்கு மேல காட்டுது. பேச்சுக்கு ஒண்ணும் தெரியாது. வலது காது சமாளிச்சுக்கும். முழுசாச் சரியாகும்னு சொல்ல முடியாது. என்ன வேலை பாக்குறீங்க?"

"டீச்சர்."

"என்ன பாடம்?"

"கணக்கு," என்றாள்.

"அப்பக் கவலையே இல்ல."

அடுத்த சனிக்கிழமை டீச்சர் சீக்கிரமே வந்தாள். நாற்காலிகள் எல்லாவற்றையும் வலப்பக்கம் இழுத்துப் போட்டாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். இனி எல்லோரும் இந்தப் பக்கம். மெக்கானிக்கை மறுபடி பாடச் சொல்லிவிட்டால் போதும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

"என்ன டீச்சர், பஸ்ல வர்ற மாதிரி இருக்கு?" என்றார் சட்டைக்கடைக்காரர், முழங்காலை மடக்கிக்கொண்டு.

"இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லாருக்கு."

யாரும் சந்தேகப்படவில்லை. டீச்சர் சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

மெக்கானிக் வந்து உட்கார்ந்ததும் சொன்னாள். "இனிமே நீங்களும் பாடுங்க."

"வேணாம் டீச்சர். தாளமே போதும்."

"போன வாரம் சரியா நின்னுச்சே."

"மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. பரவால்ல. எனக்கு வருத்தமெல்லாம் இல்ல."

"ஒரு தடவை பாடுங்க."

எடுத்தார். எடுத்த எடுப்பில் சா நேராக வந்து நின்றது. அவர் டீச்சரைப் பார்த்தார். பார்த்தபடியே, அவள் எதுவும் சொல்லாமலே, கீழே இறக்கினார். இன்னும் கொஞ்சம் இறக்கினார். முன்பு அவள் இறக்கி நிறுத்திய அந்த இடம் வந்ததும் அசையாமல் நின்றார். வலது காதில் அது பல்லைக் கூச வைத்தது.

"அங்க இல்ல. முதல்ல எடுத்தீங்களே, அது."

"அது மேல இல்லையா? நீங்கதானே இறக்கச் சொன்னீங்க."

டீச்சர் சுருதிப் பெட்டியை நிறுத்தினாள். தரையின் அதிர்வு மட்டும் இருந்தது.

"என் இடது காது கெட்டுப்போச்சு," என்றாள். "அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றதெல்லாம் எனக்கு மேல கேக்குது. நீங்க முதல் நாளே சரியாத்தான் பாடினீங்க. நான்தான் இறக்கி இறக்கித் தப்பாக்கினேன். அப்புறம் பாடவே வேணாம்னுட்டேன்."

பெட்டியின் வயரை விரலில் சுற்றினாள்.

"நாற்காலிய மாத்தினது வெளிச்சத்துக்காக இல்ல," என்றாள். காது மடல்கள் சுட்டன. பலகையைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடிந்தது.

சட்டைக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "எனக்குக் கேட்டுச்சு டீச்சர். அண்ணன் எடுக்கறப்ப சரியா இருக்கும். நீங்க இறக்கினதும் கோணிக்கும். நாமே புதுசு, நமக்கென்ன தெரியும்னு இருந்துட்டேன்."

"எனக்கும்தான்," என்றாள் மெக்கானிக்கின் மனைவி. அதைக் கணவனைப் பார்த்துச் சொன்னாள். "கேட்டுக்கிட்டேதான் சிரிச்சேன்."

மெக்கானிக் யாரையும் பார்க்கவில்லை. உள்ளங்கைகளைத் தொடையில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"ஒருத்தர்கூடச் சொல்லலையே," என்றார்.

பிறகு பெட்டியைக் காட்டினார். "போடுங்க."

டீச்சர் போட்டாள். எல்லோரும் பார்க்க இடது காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டாள். அவர் எடுத்தார். பழக்கத்தில் குரல் கீழே வழுக்கிப் போனது. அவள் வாயைத் திறந்து, மூடினாள்.

"நான் சொல்லல," என்றாள் மற்றவர்களிடம். "நீங்க சொல்லுங்க."

வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்கள். மனைவிதான் முதலில் தலை நிமிர்த்தினாள்.

"கீழ இருக்கு. ஏத்துங்க."

ஏற்றினார்.

"இன்னும்," என்றார் சட்டைக்கடைக்காரர். "இன்னும் ஒரு பொட்டு. ஆங். நில்லுங்க."

நின்றார். மூச்சு முடிந்ததும் எழுந்தார். நாற்காலியைத் தூக்கினார். டீச்சருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போய்க் கதவோரத்தில், பழைய இடத்திலேயே போட்டு உட்கார்ந்தார்.

"விரலை எடுங்க டீச்சர்."

எடுத்தாள்.

"இப்ப இங்கேர்ந்து பாடறேன். எப்படிக் கேக்குதுன்னு மறைக்காமச் சொல்லுங்க."

பாடினார். முதல் நாள் வந்த அந்தப் பெரிய குரல், அவள் இடது தோளுக்குப் பக்கத்திலிருந்து. டீச்சர் தலை குனிந்துகொண்டாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"மேல நிக்குது," என்றாள்.

மெக்கானிக் நிறுத்தினார்.

"அப்பச் சரி," என்றார். மறுபடி எடுத்து, அங்கேயே நின்றார்.