மாரடித்த மாப்பிள்ளை

முகமது அனஸ் திருச்சியில் விமானத்தை விட்டு இறங்குவதற்கு முன்பே அவன் வீடியோ, சுன்னிகளின் ஊரான லப்பைக்குடிக்காட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பஹ்ரைனில் ஷியாக்களின் முஹர்ரம் துக்க ஊர்வலம். முதலில், நெற்றியைக் கத்தியால் கீறிக்கொண்டு ரத்தம் ஒழுக நாலு பேர். அடுத்து, கறுப்புச் சட்டைகளுக்கு நடுவே கட்டம் போட்ட சட்டையில் அனஸ், நெஞ்சில் அறைந்துகொண்டிருந்தான். இரண்டும் வேறு வேறு தெரு. இரண்டையும் ஒட்டியவன் அதைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நிக்காஹ். பெண், தாய்மாமன் கவுஸின் மகள் ஷைமா. "மச்சான், ரத்தமா தக்காளிச் சட்னியா?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள். "ரத்தம்தான். என்னுது இல்ல" என்று பதில் போட்டான்.

கார் கொண்டுவந்திருந்த கூட்டாளி விக்கி, பெட்டியை வாங்குவதற்கு முன் அனஸின் சட்டையைத் தூக்கிப் பார்த்தான்.

"ஒரு கீறல் இல்லியேடா. பங்குனி உத்திரத்துக்கு நான் அலகு குத்துன தழும்பு பாரு, அது ஆம்பள வேல. மாரடிக்கிறதுக்கா பஹ்ரைன் போன? பெரம்பலூர்ல எந்த மொதலாளிகிட்ட நின்னாலும் தெனம் அதான?"

அனஸுக்குத் தூக்கம் வந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் அறையில் உட்கார்ந்தார்கள். தொழ வைக்கும் அஜ்ரத், கவுஸ், அனஸ். சவூதியில், தம்மாமில் இருக்கும் கவுஸின் மச்சினன், தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனுக்குள் இருந்தார்.

அஜ்ரத் முதுகையும் நெஞ்சையும் பார்த்தார். "ரத்தம் வரல. விசயம் லேசு."

"லேசு என்னங்க லேசு, இது அல்லாவுக்கு இணை வைக்கிற ஷிர்க்கு" என்றது போன். "தர்கா கந்தூரிக்குப் போறவரு அப்படித்தான் சொல்வீங்க."

"நீங்க அங்கயே இருங்க" என்றார் அஜ்ரத். "ஷியாக்கள்லயே ரெண்டு கட்சி. கீறிக்கிறவன் ஒருத்தன், கீறுனா ஹராம், ரத்ததானம் குடுன்னு சொல்றவன் ஒருத்தன். உன் ஷியா மொதலாளி எந்தக் கட்சிப்பா?"

"ரத்ததானம். நானும் குடுத்தேன். ஜூஸ் தந்தாங்க."

"பாத்தீங்களா. மொதலாளி சொன்னாரு, வேலை போயிடும்னு அடிச்சேன்னு சொல்லிரு. பாவமன்னிப்பு கேட்டு தவ்பா செஞ்சிரு. நிக்காஹ் ஓதிடலாம்" என்றார் அஜ்ரத்.

கவுஸ் மூச்சு விட்டார்.

"அவர் சொல்லல அஜ்ரத்" என்றான் அனஸ். "சர்பத் ஊத்துற எடத்துலதான் நிக்கச் சொன்னாரு."

"பின்ன? கர்பலாவுல உயிர விட்ட ஹுசைனார் மேல பிரியமா?"

"அம்மாவுக்காக."

அம்மா மௌத்தானது அந்த மாதம்தான். அனஸுக்கு லீவு கிடைக்கவில்லை. கபுரடக்கத்தை வீடியோவில் பார்த்தான்; பாதியில் சிக்னல் போய்விட்டது. ஊர்வலத்தில் ஆயிரம் பேர் அழுதார்கள். அங்கே நின்றால் ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று போனான். கை தானாக நெஞ்சுக்குப் போனது.

அஜ்ரத் தாடியை நீவினார். "ஹுசைனாருக்குன்னா அது பழைய தகராறு, தெரியாம செஞ்சான்னு விட்டுறலாம். சொந்த வீட்டு மய்யத்துக்கு மாரடிக்கக் கூடாதுன்னு நபி சொன்ன ஹதீஸே இருக்கு. நான் கேள்விப்பட்டவரைக்கும் ஷியாக்களும் அத ஒத்துக்க மாட்டாங்க."

"இது சரி" என்றது போன். இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

"மொதலாளிக்காகன்னே சொல்லிரு தம்பி. இல்லன்னா என்னால ஓத முடியாது."

அனஸ் கோரைப்பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

கவுஸ் போனைக் கவிழ்த்து வைத்தார். "பிளேன்ல தூங்காம வந்தவன், ஒளர்றான். மொதலாளிக்காகத்தான் அடிச்சான். நான் விசாரிச்சிட்டேன்."

அஜ்ரத் அவரைப் பார்த்தார். "விசாரிச்சிட்டீங்களா?"

"விசாரிச்சிட்டேன்."

"அப்ப சரி."

அனஸ் தவ்பா சொன்னான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே விக்கி டீ குடிக்கப் போயிருந்தான். மாமனும் மருமகனும் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"உங்கம்மாவத் தூக்குன சந்தூக்க நான்தான் முன்னால புடிச்சேன்" என்றார் கவுஸ். "சத்தம் போடக் கூடாதுன்னாங்க. போடல. கூடப் பொறந்தவ."

"தெரியும் மாமா."

கவுஸ் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "எப்புடி அடிக்கிறாங்க?" என்றார்.

அனஸ் காட்டினான். கவுஸ் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தன் நெஞ்சில் ஒரு அறை அறைந்தார். சட்டைப்பையில் இருந்த பேனா உடைந்தது.

"சத்தமே வரலியே."

"கைய குழிச்சிக்கணும் மாமா."

கவுஸ் உடைந்த பேனாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கையைக் குழித்தார்.