சக்கரம் நிற்கும் வரை

தென் கொரியாவின் சாங்வோனில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் போரம் ஃபிட்டர் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தொன்பது. அதுவரை பேருந்து நிலையத்துப் பக்கம் கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டி விற்கும் அத்தையின் கிம்பாப் கடையில் இருந்தவள். பட்டறையில் அதை யாரும் மறக்க விடவில்லை.

"பார்த்தும்மா, சோத்தோட சேத்து நட்டையும் சுருட்டிடாத" என்பான் ஒருவன்.

"சுருட்டித் தரேன், கடிச்சுப் பாருங்க" என்பாள் இவள். சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. தகடு அடிக்கும் பிரஸ் இயந்திரங்களைப் பார்த்தாலே அவளுக்குப் பயம். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும்போது தன்னையறியாமல் ஓரடி பின்னால் நகர்வாள். பழகிவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தாள். பழகவில்லை.

அன்று ஷிப்ட் மாறும் நேரம். மூன்றாம் பிரஸ்ஸின் பின்னால் எண்ணெய்க் குழாயைத் தாங்கும் பட்டை கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அந்த இடம் பெரிய சக்கரத்துக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவில் இருந்தது. ஆள் உயரச் சக்கரம், அதன் பக்கத்தில் மோட்டாரிலிருந்து வரும் தடித்த பெல்ட். காப்பு மூடியில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, பெல்ட்டுக்கு அடியில் ஊர்ந்துதான் உள்ளே போக வேண்டும். மற்ற ஃபிட்டர்களுக்குத் தோள் இடிக்கும்.

"நீதாம்மா சரியான சைசு" என்றார் ஃபோர்மேன் பியோ. மெயின் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டை அதில் மாட்டினார். பூட்டு தொங்கும்வரை யாராலும் சுவிட்சைப் போட முடியாது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் அவரவர் பூட்டைச் சுவிட்சில் மாட்ட வேண்டும் என்பது விதி. போரம் இடுப்பிலிருந்து தன்னுடையதை எடுத்தாள்.

"அட, ரெண்டு நிமிஷ வேலைக்கு எதுக்கு ரெண்டு பூட்டு? என்னோடது தொங்குதில்ல? அடுத்த ஷிப்ட் ஆளு வந்து நிக்கிறான் பாரு."

வருடக் கடைசியில் அவளுக்கு மதிப்பெண் போடப் போகிறவர் அவர். இயந்திரத்துக்குப் பயப்படுகிறவள் என்று அவருக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயம் வேறு. பூட்டை இடுப்பிலேயே திரும்ப மாட்டிக்கொண்டு குனிந்து உள்ளே போனாள்.

உள்ளே நிற்க இடமில்லை. குந்தி உட்கார்ந்து, கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, கையை மேலே நீட்டி முதல் போல்ட்டை முடுக்கினாள். இரண்டாவதில் மரை சரியாக ஏறவில்லை. கழற்றித் துடைத்து மறுபடி வைத்தாள். இரண்டு நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது.

முதலில் கேட்டது ஒரு 'டக்'. பிறகு மோட்டாரின் முனகல். பெல்ட் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. அவள் மூக்குக்கு நேரே சக்கரத்தின் ஆரம் ஒன்று மெல்ல, சாவகாசமாக மேலேறிப் போனது. பின்னாலேயே அடுத்தது வந்தது.

"நிறுத்துங்க! உள்ள ஆளு இருக்கு!"

பக்கத்து பிரஸ் 'டம்' என்று அடித்தது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினாள், மறுபடி 'டம்'. சக்கரம் வேகம் பிடித்தது. ஆரங்கள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிறப் புகை மாதிரி ஆகிவிட்டன. அதன் காற்று முகத்தில் அடித்தது. வெளியே போகும் வழி பெல்ட்டுக்கு அடியில். தலையை நீட்டினால் தலை இருக்காது. கையில் ஸ்பேனர் இருந்தது. அது சக்கரத்தில் பட்டால் தெறித்துத் தன் மேலேதான் வரும் என்று தெரிந்து, மெல்ல இறக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உடம்பு சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. மூச்சு விட்டால் நெஞ்சு முன்னே வருமே என்று மூச்சையும் அடக்கினாள். கால்சட்டை நனைந்தது அவளுக்குத் தெரியவில்லை.

இன்னும் சற்று நேரத்தில் அடுத்த ஷிப்ட் ஆபரேட்டர் முதல் தகட்டை வைத்து அடிப்பான். அடிக்கும்போது இந்தச் சுவர் குலுங்கும். குலுங்கினால் நான் எந்தப் பக்கம் விழுவேன்?

அப்போதுதான் முழங்காலில் ஏதோ சில்லென்று குத்துவது உறைத்தது. காற்றுத் தொட்டியின் அடித்திருகு. தினமும் காலையில் எல்லா பிரஸ்ஸிலும் வெளிப்பக்கத்துக் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரை வடித்துவிடுவது அப்ரண்டிஸ் வேலை. இது அதே தொட்டியின் பின்பக்கத் திருகு. காற்று இல்லாமல் பிரஸ் அடிக்காது. அழுத்தம் இறங்கினால் மணி அலறும், ஆபரேட்டர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பான்.

கை போகவில்லை. இரண்டு தடவை விரலை நீட்டி இழுத்துக்கொண்டாள். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பிடித்துத் திருகினாள்.

காற்று சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. முழங்கால் மரத்துப்போனது. சீற்றம் முடியவே இல்லை. கடைசியில் எங்கோ மணி அலறியது. மோட்டாரின் முனகல் நின்றது.

சக்கரம் நிற்கவில்லை. பழைய இயந்திரம் அது. மோட்டாரை நிறுத்தினாலும் தன் கனத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சின்னக் கதவில் ஒரு முகம் தெரிந்தது. ஆபரேட்டர் மன்சோப். அவளைவிட ஐந்து வயது சின்னவன்.

"அய்யோ, அக்கா! அக்கா உள்ள இருக்காங்க!"

அவனைத் தள்ளிக்கொண்டு பியோவின் முகம் வந்தது. வெளுத்துப்போயிருந்தது. தரையில் படுத்துவிட்டார்.

"அசையாதம்மா. கரண்டு இல்ல. அதுவா நின்னுடும். என்னைப் பாரு, சக்கரத்தைப் பாக்காத."

"எப்ப நிக்கும்?"

"நின்னுடும்மா. நின்னுடும்."

புகை மறுபடி ஆரங்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு ஆரமும் தனித்தனியே கண்முன் கடந்துபோன அந்த நேரம்தான் மிகவும் கொடுமையாக இருந்தது. இப்போது பாய்ந்து வெளியேறிவிடலாம் என்று கால் துடித்தது. பியோ "வேணாம், வேணாம்" என்று முனகிக்கொண்டே இருந்தார். ஒருவழியாகச் சக்கரம் ஒரு பக்கம் ஆடி, மறு பக்கம் ஆடி, நின்றது. மன்சோப் அவள் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான்.

மேனேஜரின் அறைக்கு வெளியே அவளை உட்கார வைத்தார்கள். யாரோ போர்வை போர்த்தினார்கள். பியோ பக்கத்தில் வந்து குந்தினார்.

"போன் வந்துச்சும்மா. திரும்பினேன், உன்னோடது மாதிரி மஞ்சள் ஹெல்மெட் ஒண்ணு கேன்டீன் பக்கம் போச்சு. நீதான் வெளிய வந்துட்டேன்னு நினைச்சுப் பூட்டை எடுத்துட்டேன். அது இன்னொரு அப்ரண்டிஸ்." குரலைத் தாழ்த்தினார். "உள்ள போறதை நீயே யாருக்கும் சொல்லலைன்னு சொல்லிடேன். எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான். உன் மார்க்கை நான் பாத்துக்கறேன்."

அவரைப் பார்க்கவும் பயமாக இருந்தது. தரையில் படுத்து 'அசையாதம்மா' என்றவரும் இவர்தானே.

உள்ளே போனாள். மேனேஜர் கொடுத்த பார்லி டீ பாதி அவள் மடியில் சிந்தியது.

"நான் என் பூட்டைப் போடலை. அது என் தப்பு" என்றாள். "போட எடுத்தேன். ஃபோர்மேன்தான் வேணாம்னார். அவர் பூட்டை அவரே எடுத்தார்."

மேனேஜர் கதவுப் பக்கம் பார்த்தார். "பியோ, உள்ள வாங்க. அந்தப் பொண்ணு சொல்றது நெசமா?"

பியோ உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். பிறகு, "நெசம்தான்" என்றார்.

அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவரோடு பல வருடம் வேலை பார்த்தவர்கள் கேன்டீனில் போரம் வந்து உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். கிம்பாப் கேலியும் நின்றுபோனது. கேலி இல்லாமல் பட்டறையில் வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் புது ஃபோர்மேன் அந்தப் பட்டையை யார் முடிப்பது என்று கேட்டார். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"நான் போறேன். இன்னைக்கு வேணாம், நாளைக்கு" என்றாள் போரம்.

மறுநாள் அவள் பூட்டு தொங்கிய சுவிட்சுக்குப் பக்கத்தில் மன்சோப் நகராமல் நின்றான். அவள் குனிந்தாள். கதவு வரை போய்த் திரும்பி வந்தாள். மறுபடி போனாள். உள்ளே மரை மூன்று தடவை வழுக்கியது. முடித்து வெளியே வந்ததும் வாளியைத் தேடி ஓடி வாந்தி எடுத்தாள்.

மன்சோப் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "இனிமே பயம் இருக்காதுல்ல அக்கா?"

"இருக்குடா" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டே. "நேத்தைவிட அதிகமா இருக்கு. வா, அஞ்சாம் பிரஸ்ல எண்ணெய் ஒழுகுதாம்."