கழுவாத பூண்டின் படம்

1

பூண்டு வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும் என்று தயவுசெய்து நீங்களும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி கிளப்பிய எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மலையூரான வட்டவடையிலிருந்து மூணாறு போகும் ஜீப்பில் கிடைத்த கதை இது. என் மடியில் யாருடைய கேரட் மூட்டையோ. பக்கத்தில் அந்த ஊர்ச் சிநேகிதி பூமாரி. போனை என் மூக்குக்கு நேரே நீட்டி இரண்டு படங்களைக் காட்டினாள். ஒன்றில் பளீரென்று வெள்ளைப் பூண்டு. இன்னொன்றில் கரி படிந்த பழுப்புப் பூண்டு.

“இதுல எது பொய்ப் படம், சொல்லு பாப்போம்.”

நான் பழுப்பைக் காட்டினேன். அவள் போனை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்; டாப் ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் கதையைச் சொன்னாள்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘பனி விலகி வெயில் வந்ததும் பூமாரி போனை எடுத்து…’

தப்பு. பனி விலகினால் அவளுக்குப் படம் கெட்டுவிடும். வெயிலில் எடுத்தால் ஒரு பக்கம் வெளிறி, மறுபக்கம் நிழல் கறுத்துப் போகும். பனி மூட்டத்தில் வெளிச்சம் மெத்தென்று எல்லாப் பக்கமும் விழும். நகரத்து ஸ்டூடியோக்காரர்கள் விளக்குக்குத் துணி கட்டிச் செய்வதை வட்டவடை வானம் சும்மாவே செய்துகொடுக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: ‘ஏழைப் பெண் பூமாரி…’

[அடித்துவிட்டேன். படித்தால் என்னை உதைப்பாள்.]

நேராகவே சொல்கிறேன். பூமாரி தன் வீட்டுப் பூண்டை விற்க, கொச்சியில் இருக்கும் ஒரு ஆன்லைன் கடையில் தனக்கென்று ஒரு பக்கம் திறந்தாள். அந்த ஊர்ப் பூண்டு சின்னது, காரமானது. காய்ந்த தண்டோடு கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே கம்பில் தொங்கவிடுவார்கள். புகை ஏற ஏறத் தோல் பழுப்பாகும். பூண்டு மாதக்கணக்கில் கெடாது.

படம் எடுக்க அவளிடம் இருந்தது இவ்வளவுதான்: ஒரு ஜன்னல், அப்பாவின் வெள்ளை வேட்டி, போனைச் சாய்த்து வைக்க ஒரு முட்டைக்கோஸ் பெட்டி. மறுபக்கம் வெளிச்சத்தைத் திருப்ப அண்ணன் அருண்பாண்டி ஒரு தெர்மோகோல் மூடி கொண்டுவந்தான். அவன் ஜீப் ஓட்டுகிறவன்; மூடி மீன் பெட்டியுடையது. பூமாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, மஞ்சள் வெளிச்சம் கலக்காதபடி பல்பை அணைத்து, லென்ஸைத் துடைத்து எடுத்தாள்.*

* சிறுசு என்று பின்னால் யாரும் சண்டைக்கு வராமல் இருக்கப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்தாள். இவ்வளவு யோசித்தவளைத்தான் மோசடிக்காரி என்றார்கள். பொறுங்கள், வருகிறேன்.

3

படம் திரும்பி வந்துவிட்டது. கடையிலிருந்து சோனா என்கிற பெண் போனில் அழைத்தாள்.

“சேச்சி, இதில் அழுக்கு உண்டல்லோ. ஒண்ணு கழுகியிட்டு எடுக்காமோ?”

கழுவிவிட்டு எடுக்கச் சொல்கிறாள். என் முதல் வரைவில் பூமாரி, ‘சரி மேடம், முயற்சி செய்கிறேன்’ என்று பணிவாகச் சொன்னாள். நிஜத்தில் சொன்னது வேறு.

“அது அழுக்கு இல்லம்மா, பொகை. கருப்பட்டிய நீங்க சோப்புப் போட்டுக் கழுவித்தான் திங்கீங்களா?”

சோனா சிரித்தாள், பாவம். ஆனால் விதியை மாற்றும் இடத்தில் அவள் இல்லை. சுத்தமாகத் தெரியாத படத்தை ஏற்க முடியாது என்றாள். படம் இல்லாமல் விற்கவும் முடியாது.

அன்று மதியம் பூமாரி பூண்டுக்காட்டு வேலைக்குப் போயிருந்தபோது அருண்பாண்டி தங்கைக்கு உதவி செய்தான். இருப்பதிலேயே பருத்த கொத்தைக் கம்பிலிருந்து இறக்கி, வெந்நீரில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தான். புகைத்தோல் உரிந்து பூண்டு முல்லை மொட்டாய் மின்னியது. அதை வாசலில் காயவைத்திருந்ததை அவர்கள் அம்மா பார்த்தார்.

“வெதப்பூண்டையாடா கழுவுன?”

நடுக்கம்பில், நேர் புகையில் தொங்குவது அடுத்த விதைப்புக்கு என்று அவனுக்கும் தெரியும். படத்துக்கு நல்லதாகத்தானே எடுக்க வேண்டும், கழுவித் திரும்பக் கட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறான். தண்ணீர் பட்டது அழுகும். அம்மா அன்று அவனுக்குச் சோறு போட்டார், குழம்பு ஊற்றவில்லை.

சரி, கழுவியது கழுவியதுதான் என்று பூமாரி அதைப் படம் எடுத்தாள். கடை உடனே ஏற்றுக்கொண்டது.

4

ஆர்டர் குவிந்தது. அவள் நல்ல புகைப்பூண்டாகப் பார்த்து அனுப்பினாள். போனவை திரும்பி வர ஆரம்பித்தன. ‘படத்தில் உள்ளது வேறு.’ ‘பழைய சரக்கு.’ ‘மோசடி.’

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை. உண்மையைக் காட்டியபோது அழுக்கு என்றார்கள். பொய்யைக் காட்டியபோது கைதட்டினார்கள். பிறகு உண்மையை அனுப்பியதற்கு மோசடி என்கிறார்கள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? விதி எழுதியவனுக்கு முகம் இல்லை. போனில் இருப்பது சோனா. இன்னொரு புகார் வந்தால் பக்கத்தை மூடிவிடுவார்கள் என்று அவளே வருத்தத்தோடு சொன்னாள்.

கழுவியே அனுப்பலாமே என்றான் அருண்பாண்டி. அம்மா திரும்பிப் பார்த்தார். அவன் ஜீப்பைக் கழுவப் போய்விட்டான்.

5

இப்போது முடிவு.

முடிவு அ: பெரிய ஓட்டல் சமையல்காரர் ஒருவர் அந்தப் புகை வாசத்தில் மயங்கி… [சீ. இதுவும் கழுவின பூண்டுதான்.]

முடிவு ஆ: பக்கம் மூடப்பட, பூமாரி கண்ணீரோடு… [அவள் அழவில்லை. அழுதால் உங்களுக்குப் பிடிக்கும் என்று நான்தான்…]

நடந்தவரை மட்டும் சொல்கிறேன். பனி இறங்கிய ஒரு காலையில் பூமாரி வேட்டியை மறுபடி விரித்தாள். புகைப்பூண்டைக் கொத்தாக வைத்தாள். அதில் ஒன்றை மட்டும் உடைத்து, ஒரு பல்லை உரித்துப் பக்கத்தில் வைத்தாள். பழுப்புத் தோலுக்கு அருகே ஊதா ரேகை ஓடிய வெள்ளைப் பல். தீப்பெட்டியும் உண்டு. எடுத்து முடித்துப் படத்தைப் பார்த்தபோதுதான், வேட்டியில் அவளுடைய கட்டைவிரல் கரி அப்படியே பதிந்திருந்தது தெரிந்தது.

அதைப் போனிலேயே அழித்துவிடலாம் என்று அருண்பாண்டி விரலை நீட்டினான்.

“வேணாண்ணே. வாங்குறவங்க கையிலயும் இதான் ஒட்டும். இப்பவே பாத்துக்கட்டும்.”

கடைப் பக்கத்திலிருந்து வெள்ளைப் படத்தை அவளே நீக்கிவிட்டாள். புதியதை ஏற்றினாள். ஏற்பார்களா என்று தெரியும்வரை அவள் பக்கம் வெறுமையாக இருக்கும். மறுத்தால் அப்படியே இருக்கும். ஜீப் மூணாறில் நின்றபோதும் அவள் போனில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றுதான் வந்துகொண்டிருந்தது. இறங்கும்போது, “நீ எழுதுனா கழுவாம எழுது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதனால்தான் அடித்த வரிகளையும் இங்கேயே விட்டிருக்கிறேன். முடிவை நான் எழுதப் போவதில்லை, ஏனென்றால் அது வாங்குகிறவர் கையில் இருக்கிறது. சொல்லுங்கள், அந்தக் கரிவிரல் படம் நாளைக்கு உங்கள் போனில் வந்தால் தள்ளிவிட்டுப் போவீர்களா, வாங்குவீர்களா?