குரலுக்கு ஓய்வு

கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் குகதாசன் வீட்டுக்கு வந்ததை முரசுமோட்டைச் சனம் நம்பவில்லை. தொண்டையில் புற்றுநோய் என்றால் கழுத்தில் ஓட்டை போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பார்க்க வந்தார்கள்.

"வாய்க்குள்ளால குழாய் விட்டு லேசரால எடுத்தவை. குரல்நாணில ஒரு பக்கத்தில சின்னனா இருந்ததாம். வேளைக்குக் கண்டதால தப்பிட்டார்," என்று வந்தவர்களுக்கெல்லாம் அவரின் மனைவி சிவரூபி சொன்னாள். அவர் கதிரையில் சாய்ந்திருந்து தலையை ஆட்டினார்.

பத்து நாளைக்கு ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. அதற்குப் பிறகும் மெல்லமாகத்தான். உரத்துக் கத்தினால் குரல் திரும்பாமலே போகலாம். கொழும்பில் டொக்டர் இதையெல்லாம் சிவரூபியைப் பார்த்தே சொன்னார். "நீங்கள்தான் அம்மா கவனமாப் பாத்துக்கொள்ளவேணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தெட்டு வருசமாக அவர் கத்தியதைக் கேட்டவள் அவள். கறியில் உப்புக் குறைந்தால் கத்துவார். வயலுக்குத் தேத்தண்ணி பிந்தினால் கத்துவார். ஒருநாளும் கை ஓங்கியதில்லை. அதனால் ஊருக்கு அவர் நல்ல மனிசன். அவர் குரல் எழும்பினால் வாய்க்காலில் குளிக்கிற பெண்கள் கதையை நிறுத்திவிட்டு, அவளைப் பார்க்காமல் குனிந்து சவர்க்காரம் போடுவார்கள். அவர் சொன்னதைவிட அதுதான் அவளைச் சுட்டது.

மாரி தொடங்கியபோது அவருடைய குரல் அடைத்தது. கத்திக் கத்தி வந்த வினை என்று அவள் நினைத்தாள். உள்ளுக்குள் ஆறுதலாகவும் இருந்தது. மூன்று மாதமாக, ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்று ஒருதரமும் அவள் சொல்லவில்லை. வவுனியாவில் இருக்கிற மகள் யதுர்ஷிகாதான் போனில் அந்தக் கரகரப்பைக் கேட்டுப் பயந்து, வந்து கூட்டிக்கொண்டு போனாள். வருத்தம் புற்றுநோய்தான் என்று தெரிந்த அன்று சிவரூபி ஆஸ்பத்திரி வாங்கிலில் இருந்து அழுதாள். மகள் அவளுடைய முதுகைத் தடவிவிட்டாள். எதற்காக அழுகிறாள் என்று மகளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் கொப்பியில் எழுதிக் காட்டினார். தண்ணி. மருந்து. ஃபேனைப் போடு. அவள் வேலைகளை ஆறுதலாகச் செய்தாள். முற்றத்தில் புலுனிக் குருவிகள் சண்டைபிடிப்பது குசினிவரை கேட்டது. நாலாம் நாள், 'நீ சாப்பிட்டியா' என்று எழுதிக் காட்டினார். அவள் ஓம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய், அடுப்படியில் கனநேரம் நின்றாள். ஒரு மனிசன் மாற ஒரு வருத்தமே போதும் போல என்று நினைத்தாள்.

பதினோராம் நாள் விடிய உழுத்தங்கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் வைத்தாள். ஒரு வாய் விழுங்கிவிட்டு அவர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். முதல் சொல் தனக்குத்தான் என்று அவளுக்கு விளங்கியது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"கஞ்சி பச்சத்தண்ணி மாதிரி ஆறிக் கிடக்கு," குரல் வெறும் காற்றாக வந்தது. "மூதேசி."

அவருடைய மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. அவள் நிமிரவில்லை.

"விளங்கேல்லை," என்றாள். "கொஞ்சம் பிலத்துச் சத்தமாச் சொல்லுங்கோ."

அவர் கதிரையின் கைகளை இறுக்கிப் பிடித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அவள் காதை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.