அண்ணன் பேசறேன்

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எங்களுக்கு நிம்மதி போயிற்று. வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் பழுது பார்க்கிற கம்பெனி அவருடையது; எனக்கும் அக்காவுக்கும் அங்கேதான் வேலை. பொருளை யாரும் நம்புவதில்லை, ஆளைத்தான் நம்புகிறார்கள் என்று அங்கே யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். மறுவாரமே கம்பெனியின் பெயர் 'அண்ணன்' ஆகிவிட்டது. மெக்கானிக்குகளின் சட்டையில் அவர் முகம், வேனில் அவர் முகம், நாங்கள் தண்ணீர் குடிக்கிற டம்ளரில்கூட அவர் முகம். எல்லாம் தலை நிறைய முடி இருந்த காலத்துப் போட்டோ.

வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அவரை அண்ணன் என்றே கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. மாமா எனக்கு அண்ணன் ஆனார். நான் வாயை மூடிக்கொண்டேன். கணக்குப் பார்க்கிற அக்காதான் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"கட்டின புருஷனை அண்ணன்னு கூப்பிடணுமாம். வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"ஆபீசுல நான் புருஷன் இல்ல, பிராண்டு" என்றார் மாமா.

"அப்ப ராத்திரி சாப்பாட்டையும் பிராண்டையே போடச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

மெஷினைச் சரிசெய்த மறுநாள் முதலாளியே வாடிக்கையாளருக்குப் போன் செய்து விசாரிக்க வேண்டும் என்பதும் முகாமில் சொல்லிக்கொடுத்ததுதான். முதல் போனிலேயே ஒரு பெரியவர் மெஷினை விட்டுவிட்டுத் தன் மருமகளைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார். மாமா வேர்த்து விறுவிறுத்துப் போனை என் கையில் திணித்தார்.

"இனிமே நீயே அண்ணன்னு பேசு மாப்ளே. யாருக்குத் தெரியப் போகுது?"

அன்றிலிருந்து போனில் அண்ணன் நான்தான். ஊர்க்கதை கேட்க எனக்குப் பிடிக்கும், ஒளிப்பானேன். எந்த அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன், யார் மகன் பரீட்சையில் கோட்டை விட்டான், எல்லாம் அத்துப்படி. வாடிக்கையாளர்கள் அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அந்தப் பெருமையை மாமா கூச்சமே இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இந்த வருடம் தொழில் படுத்துவிட்டது. ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் பாதிப் பேரை நிறுத்த வேண்டிய நிலை. முதலில் போகிறவன் நான் என்று மாமா சொல்லிவிட்டார். சொந்தக்காரனையே அனுப்பினால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்களாம்.

குடியிருப்புச் சங்கத்தார் கேட்டது ஒன்றுதான், அண்ணன் நேரில் வர வேண்டும். மாமா கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. அந்த முழங்கால் ஆபரேஷன் அம்மா, அதே குடியிருப்புச் சங்கத்தில் இருப்பவர்.

"சொல்லுங்கம்மா, படி ஏறி இறங்க முடியுதா?" என்றேன் பழக்கத்தில்.

"இதுதான் அண்ணன் குரல்" என்று பின்னால் பல பேர் சொன்னார்கள். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

"அண்ணா, இங்க சங்க ஆபீசுக்கு ஒருத்தர் கோட்டு போட்டுட்டு வந்து, நான்தான் அண்ணன்னு சொல்றாரு. குரலும் அது இல்ல, போட்டோவுல இருக்கற முடியும் இல்ல. எனக்கு எந்தக் கால்ல ஆபரேஷன்னு கேட்டா முழிக்கறாரு. போலீசுக்குச் சொல்லவா?"

உண்மையைச் சொன்னால் இத்தனை நாள் ஏமாற்றியது வெளியே வந்து ஒப்பந்தம் போய்விடும், என் வேலையும் போய்விடும். பொய் சொன்னால் மாமாவின் மானம் போகும். அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அவரு நம்ம ஆளுதாம்மா. புதுசா சேர்ந்திருக்காரு, ஆர்வத்துல ஏதோ உளறிட்டாரு. நான்தான் அனுப்பினேன். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு அவர்கிட்டயே குடுத்துடுங்க."

"அண்ணன் சொன்னா சரி."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மா பேசியது என்னிடம் அல்ல.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு முதலாளி கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும். அண்ணனுக்கு விசுவாசமா இருங்க தம்பி."



"இருக்கேம்மா" என்றார் மாமா.