கடலை அழைக்கப் போனவர்

அந்தக் கரையில் வாடகைக்கு விடும் வீடுகளோடு கடல் சேர்த்தி இல்லை. வீட்டைப் பிடித்த குடும்பத்தில் மூத்தவர் யாரோ, அவர் வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அழைத்தால்தான் வாசலுக்கு வரும். அதுவரை சவுக்குத் தோப்புக்கு அப்பால் தன் பாட்டுக்குக் கிடக்கும்.

சீனிராசுவுக்கு இந்த முறை பிடித்திருந்தது. கோவில்பட்டியில் மாவு மில் வைத்திருந்தவர் அவர். தம்பி ரெங்கராசு புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது தட்டோடு வராமல் போனில் சொன்னான் என்று அவனோடு பேச்சை நிறுத்தியவர். அன்றைக்கு முழுக்க அரைக்க ஒன்றும் இல்லாமலே மில்லை ஓடவிட்டார். அந்தச் சத்தம் அடுத்த தெருவில் தம்பி வீட்டு விருந்துவரை கேட்டிருக்கும் என்பதில் அவருக்கு இன்றைக்கும் ஒரு திருப்தி.

வீட்டைப் பிடித்தது மகள் பொன்மலர். ரியாத்திலிருந்து லீவில் வந்திருந்தாள். அவள் மகள் நிகிலா கடலையே பார்த்ததில்லை. ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து, அப்பாவிடம் சொல்லாமல் சித்தப்பாவையும் வரச் சொல்லியிருந்தாள். வாசலில் நின்ற தம்பியைப் பார்த்த சீனிராசு, அங்கே ஒரு தூண் இருப்பதுபோலச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மிக்கேல் தட்டைத் தயார் செய்து கொடுத்தார். எதையும் மறைக்காமல் பேசுங்கள் அண்ணாச்சி, மறைத்தால் அதற்குப் பிடிக்காது என்றார். நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிகிலா வறண்ட மணலில் காத்திருந்தாள். சீனிராசு சலவை வேட்டி கட்டிக்கொண்டு தோப்பைத் தாண்டிப் போனார்.

"குடும்பத்தோட வந்திருக்கோம் தாயி, அவசியம் வரணும்" என்று இரண்டு கையாலும் தட்டை நீட்டினார். கடல் அதை உடனே வாங்கவில்லை. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்தது. மகள், பேத்தி என்றார்.

"உங்க தம்பி?"

"எனக்குத் தம்பி கிடையாது."

கடல் கொஞ்சம் பின்வாங்கி யோசித்தது. "தம்பி இல்லன்னா நீங்க யாருக்கு மூத்தவர்?"

மகளுக்கு அப்பா, பேத்திக்குத் தாத்தா என்பதெல்லாம் வேறு. மூத்தவர் என்றால் கூடப் பிறந்தவர்களை வைத்துத்தான். பேரை ஒரு தடவை சொன்னால் போதும், கூடவே வந்துவிடுகிறேன் என்றது கடல். பேர் அவர் நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து, அன்றைக்குப் போனில் கேட்ட குரலும் வந்தது. பின்னால் யாரிடமோ சிமெண்ட் மூட்டையை இறக்கச் சொல்லிக்கொண்டே அண்ணனை அழைத்த குரல். பேரை விழுங்கிவிட்டுத் தட்டோடு திரும்பினார்.

நடந்ததை மிக்கேலிடம் சொன்னதைப் பொன்மலரும் கேட்டாள். தூங்கிப்போன நிகிலாவுக்கு உடுப்பை மாற்றிக்கொண்டே சொன்னாள், "ஒரு பேருப்பா. அதச் சொல்ல முடியலயா உங்களால?"

"அவன் நேர்ல வந்து கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் சீனிராசு.

காலையில் ரெங்கராசு அதே தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வெற்றிலை வாடியிருந்தது. இவனை எந்தக் கடல் மதிக்கும் என்று பார்க்க, சீனிராசு முட்டிவலியோடு பின்னாலேயே போய் ஒரு சவுக்கு மரத்தின் மறைவில் நின்றார்.

கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கடல் கேட்டது.

"ஒருத்தன் இருக்கான் தாயி" என்றான் ரெங்கராசு. "இளையவன். கொஞ்சம் முன்கோபி. மத்தபடி தங்கம்."

கடல் தட்டை வாங்கிக்கொண்டது. இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே தோப்பு வழியாக வீட்டுக்கு வந்தார்கள். மரத்தடியில் நின்ற சீனிராசுவின் கால் நனையாமல் கடல் ஒதுங்கிப் போனது. மூத்தவன் நான்தான் என்று கத்த வேண்டும்போல இருந்தது அவருக்கு. யாருக்கு மூத்தவர் என்ற கேள்வி மறுபடி வரும் என்பதால் கத்தவில்லை.

அவர் வீடு வந்து சேர்ந்தபோது நிகிலா வாசலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பொன்மலர் அவளைப் பிடித்திருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் சீனிராசு படியேறினார். படி ஏறிய பிறகுதான் முட்டி வலிக்கவில்லை என்பது தெரிந்தது. கூடத்துக் கண்ணாடியில் அவருடைய நரைத்த மீசை பாதி கறுத்திருந்தது.

வெளியே ரெங்கராசுவின் தலை முழுக்க நரைத்திருந்தது. முதுகு லேசாக வளைந்திருந்தது. "பெரியப்பா, பாத்து இறங்குங்க, வழுக்கும்" என்றாள் பொன்மலர். ரெங்கராசு ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு, தடுமாறி நின்றார்.

"டேய் சீனி, வந்து கையப் பிடிடா" என்றார்.

மூத்தவர் சொல்லைத் தட்டும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. சீனிராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனான்.