பதினோரு நாள் மட்டும் மூடியிருந்த பாதை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யவும் தயார். ஐஸ்லாந்துக் காற்றில் கற்பூரம் கை வைக்கும் முன்பே தானாக அணைந்துவிடும்; அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

ஸ்கார்ஃபவீக்கில் ஊராட்சித் தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. சமூகக் கூடத்தில் வேட்பாளர்கள் விவாதம் செய்ய, பாதி ஊர் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டெய்ன்வோரும் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து, கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். வேட்பாளர்கள் அள்ளிவிடுவதைச் சரிபார்த்துப் போடுவதற்கென்று 'சொன்னது சரிதானா?' என்றொரு பக்கம் நடத்திவந்தாள். சரியென்றால் பச்சைக் குறி, பொய்யென்றால் சிவப்பு. கூட்டாளி பௌல்மி. துறைமுகத்தில் முப்பது வருஷம் மீனை எடை போட்ட மனுஷன். காகிதம் இல்லாவிட்டால் தன் பிறந்தநாளையே நம்பமாட்டார்.

மேடையில் வேட்பாளர் கெஸ்துர் தொண்டையைச் செருமினான். "போன குளிர்காலத்துல மலைப்பாதை மூடியிருந்தது மொத்தமே பதினோரு நாள்தான். அதுக்கு எதுக்குங்க தினமும் பனி தள்ளுற வண்டி? வாரத்துக்கு ரெண்டு தடவை போதாதா?"

ஸ்டெய்ன்வோரின் பேனா நின்றது. எதிரே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அவள் கணவன் ஓர்முரின் கத்தியும் நின்றது. வாரத்துக்கு மூன்று நாள் அந்த மலையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் அவன் உயிரோடு இருப்பான்.

"வாரத்துக்கு ரெண்டு தடவையா?" என்றான் ஓர்முர். "என் கிட்னிக்கு மூணுன்னுதான் பழக்கம். அவனையே வந்து அதுகிட்ட பேசிப் பார்க்கச் சொல்லு."

சுவரில் நாட்காட்டி தொங்கியது. பாதி வழி போய்த் திரும்பி வந்த நாளெல்லாம் அதில் கறுப்புப் பெருக்கல் குறி. எண்ணினாள்: நாற்பத்து மூன்று. நாட்காட்டியைப் படம் எடுத்துப் பக்கத்தில் போடப் போனபோது பௌல்மி தொலைபேசியில் வந்தார்.

"ஸ்டெய்ன்வோர், அந்த ஆட்டையும் சேர்த்துப் போட்டுடு."

"எந்த ஆடு?"

"ஊர்ல ஒம்பதாயிரம் ஆடு இருக்குன்னானே, கவனிக்கலையா? எட்டாயிரத்து நூத்திப் பன்னெண்டுதான். பேப்பர் இருக்கு."

"மனுஷன் உயிர் போற விஷயம் பேசறேன், ஆட்டைக் கொண்டு வர்றீங்களே!"

"தப்புன்னா எல்லாம் தப்புதானேம்மா."

இரண்டுக்கும் சிவப்புக் குறி வைத்து ஒன்றாகப் போட்டார்கள். அங்கேதான் சறுக்கினார்கள். ஏனென்றால் அது மே மாதம், ஊரிலிருந்த ஆடெல்லாம் குட்டி போடும் மாதம்.

ஐந்தாவது நிமிஷம் ஒருவர் எழுதினார்: 'என் கொட்டகையில் இப்போதுதான் மூன்று. திருத்தவும்.' அடுத்தவர்: 'எனக்கு இரட்டை. திருத்தவும்.' மதியத்துக்குள் இருநூற்று ஆறு பதில்கள். பாதையைப் பற்றி வந்தவை மூன்றே மூன்று. ஒன்று ஓர்முர் எழுதியது. இன்னொன்று, 'இந்த ஸ்டெய்ன்வோர் யார் மகள்?' என்று கேட்டது. மூன்றாவது, அவளுக்கும் கெஸ்துருக்கும் ஒரே கொள்ளுத்தாத்தா என்று வம்சாவளியைத் தோண்டிக் கண்டுபிடித்து, 'ஆக, இது குடும்பத் தகராறு' என்று தீர்ப்புச் சொன்னது.

வாய்ச்சொல்லை நம்பாத பௌல்மி, குட்டிகளைத் துறைமுகத் தராசுக்குக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தார்கள். சில குட்டிகள் கழுத்தில் வேறு நாடா கட்டிக்கொண்டு இரண்டாம் முறையும் வந்தன. பௌல்மி ஒவ்வொரு தடவையும் நானூற்றுப் பன்னிரண்டில் தூங்கிவிடுவார். விழித்ததும் நேர்மையாக ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். மேட்டுப் பண்ணையில் ஒரு பெட்டை ஆடு, எஜமானின் கைபேசியில் விவாதத்தைப் பார்த்துவிட்டு ஐந்து குட்டி போட்டது. நாலு வழக்கமாகப் பிறந்ததாம். ஐந்தாவது கெஸ்துர் கட்சிக்காகவாம்.

புதன்கிழமை எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தொட்டது. பௌல்மி ஆட்டுக்குப் பச்சைக் குறி வைத்தார். அடுத்த நிமிஷம் கெஸ்துர் ஒரு குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் போட்டான்: 'நான் சொன்னது உண்மை என்று சரிபார்ப்பவர்களே ஒப்புக்கொண்டார்கள்.' எது உண்மை என்று அவன் எழுதவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ஸ்டெய்ன்வோர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நீச்சல்குளத்துக்கு நடந்தாள். கெஸ்துர் வெந்நீர்த் தொட்டியில் கழுத்து வரைக்கும் இருந்தான். சுற்றிலும் நாலு பேர். ஊர் விவகாரம் எல்லாம் தீர்மானமாவது அந்தத் தொட்டியில்தான்.

"வாங்கக்கா, தண்ணி இன்னைக்கு அருமையா இருக்கு."

"தண்ணி கிடக்கட்டும். பதினோரு நாள்னு எந்த வாயால சொன்னே?"

"பதிவேட்டுல இருக்குக்கா. என்னைக்கெல்லாம் மலைமேல இருக்கிற தடுப்புக் கட்டையை இறக்கினாங்களோ, அன்னைக்கெல்லாம் பாதை மூடல். பதினோரு தடவை இறக்கியிருக்காங்க."

"மிச்சம் முப்பத்திரண்டு நாள்?"

"அன்னைக்கெல்லாம் பனி ரொம்ப ஜாஸ்தி. கட்டை இறக்குற ஆளால கட்டைகிட்டயே போக முடியலை."

"அதனால?"

"அதனால பாதை திறந்திருந்தது."

தொட்டியிலிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். ஒருவர், "நியாயந்தானே" என்றுகூடச் சொன்னார். தண்ணீர் நாற்பது டிகிரி என்றது பலகை. ஸ்டெய்ன்வோர் இறங்கியதும் அது நாற்பத்தைந்தாகிவிட்டதால் நாலு பேரும் எழுந்து போனார்கள்.

ஈரத்தலையோடு நேரே பௌல்மி வீட்டுக்குப் போனாள். அவர் அதற்குள் பதிவேட்டு நகலை வாங்கி மேசைமேல் விரித்து வைத்திருந்தார்.

"பதினொண்ணுதாம்மா. பேப்பர் இருக்கு. பச்சை வைக்கணும்."

"நாப்பத்து மூணு நாள் நான் திரும்பி வந்தேன் பௌல்மி! ஒரு நாள் பல்வலின்னு நீங்களும் என் வண்டியில இருந்தீங்களே!"

"இருந்தேன். பனி கண்ணாடி வரைக்கும் நின்னுது. திரும்பி வர்ற வரைக்கும் அழுதேன்."

"அப்புறம் என்ன?"

"அதுக்குப் பேப்பர் இல்லையேம்மா."

அவள் கத்திப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். அவருடைய கணினியைப் பிடுங்கக்கூடப் பார்த்தாள். பௌல்மி அழாத குறையாகப் பச்சைக் குறியை வைத்தார். ஐந்து வருஷம் அவள் வளர்த்த பக்கத்திலேயே வந்தது: 'பாதை மூடியிருந்தது பதினோரு நாள். உண்மை.' அவள் சம்பாதித்து வைத்திருந்த நல்ல பேர் முழுசும் அன்றைக்குக் கெஸ்துருக்குப் பிரசாரம் செய்தது.

கெஸ்துர் ஜெயித்தான். நல்ல மனசுக்காரன்தான், அதில் குறை சொல்ல முடியாது. மறு வாரமே வீடு தேடி வந்து, "கணக்குல உங்களை மாதிரி கறாரான ஆள் இல்லைக்கா. தடுப்புக் கட்டைப் பொறுப்பு இனிமே உங்களுது" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஸ்டெய்ன்வோர் முதல் வேலையாகக் கட்டையை மலையிலிருந்து பிடுங்கித் தன் வீட்டு வாசலில் நட்டாள். அந்தக் குளிர்காலத்தில் பாதை அடைபட்ட ஒவ்வொரு நாளும் செருப்போடு போய் இறக்கினாள், தேதி எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். பனி தள்ளும் வண்டி வராத நாளில் ஓர்முரைக் கடலோரக் காவல் படகில் ஏற்றி அனுப்பினாள். படகு வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு தடவையும் அவன் முகம் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது. வசந்தத்தில் ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று படித்தாள்: ஐம்பத்தொரு நாள். பௌல்மி எழுந்து, பேப்பர் இருக்கிறது என்று உறுதி சொன்னார்.

கெஸ்துர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "ஐம்பத்தொரு நாளா! எனக்குத் தெரியவே தெரியாதே அக்கா. இத்தனை நாள் மூடிக் கிடக்கிற பாதைக்குப் பனி தள்ளுற வண்டி எதுக்கு? மொத்தமா நிறுத்திடலாம்."

எல்லாக் கையும் உயர்ந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஸ்டெய்ன்வோர் ஓர்முரையும் இரண்டு நாற்காலியையும் காப்பிப் பானையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டினாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. திரும்பி வரவில்லை.

அடுத்த தேர்தலில் ஸ்கார்ஃபவீக்கில் கெஸ்துர் கட்சியின் வேட்பாளர் பட்டியல் ஒன்றுதான் தாக்கலானது. எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் விவாதமும் நடக்கவில்லை, வாக்குப்பதிவும் நடக்கவில்லை.